மோட்டார் வண்டியின் மேற்பூச்சைப் பேணும் முறை
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி, விவாகம், தொழில் முதலிய பெரிய விஷயங்களைப் பற்றியே பேசிப் பழகிய இச்சபையில், மோட்டார் வண்டியைக் கழுவுவதைப் பற்றியும் ஓர் உபந்நியாசம் வேண்டுமோ என்று சிலர் புன்முறுவல் செய்யக்கூடும். அவர்களுக்கு நாம் கூறும் சமாதானம் இது. இன்று நம் குடும்பங்களில் வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெருந்தொகை கொடுத்து வாங்கும் பொருள் கார் ஒன்றே. அதனையும் பெரும்பாலோர் கடன் பெற்று, ஐந்தாண்டு ஏழாண்டு என்று மாதத் தவணை கட்டியே வாங்குகின்றனர். தவணை தீருமுன்னரே அதன் மேனி மங்கி, வெய்யிலில் நிறுத்தினால் சிலந்திவலை படர்ந்தாற்போலத் தோன்றுகிறது. விற்கப் போனால், வாங்க வருபவன் என்ஜினைத் திறந்து பார்ப்பதற்கு முன் பானெட்டின் மேல் கையைத் தடவிப் பார்த்து விலையைக் குறைக்கிறான். இவற்றுக்கெல்லாம் யார் காரணம்? வெய்யில் என்பார் சிலர். சாலைத் தூசி என்பார் சிலர். கார் துடைக்கும் பையன் என்பாரே பலர். நாம் சொல்லப்போவது வேறு. பூச்சைக் கெடுப்பதில் வெய்யிலும் பறவை எச்சமும் சிறிது பங்கு கொள்கின்றன என்பது மெய்யே; ஆயினும் பெருங்கேடு செய்வது நாம் நாள்தோறும் செய்விக்கும் துடைப்பே ஆகும்.

இதனை விளங்கிக்கொள்ள, அப்பூச்சு எத்தகையது என்பதை முதலில் அறிய வேண்டும். தொழிற்சாலையில் இரும்புத் தகடுகளால் ஆன உடலை மருந்துநீரில் கழுவி, பின்பு ஒரு பெருந்தொட்டியில் அமிழ்த்தி, மின்சாரத்தைச் செலுத்தித் துருப்பிடியாத முதற்பூச்சை ஏற்றுகின்றனர். அதன்மேல் சமப்படுத்தும் பூச்சு ஒன்று, அதன்மேல் நிறப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்ற, கண்ணாடி போன்ற பூச்சு ஒன்று. இதற்குக் கிளியர் கோட் என்று பெயர். நாம் காணும் பளபளப்பெல்லாம் இந்தக் கடைசிப் பூச்சினுடையதே. சூரியனிலிருந்து வரும் புறஊதாக் கதிர்களைத் தடுக்கும் சரக்கும் இதில்தான் கலக்கப்பட்டிருக்கிறது. பூச்சுகள் அனைத்தும் சேர்ந்து ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் கனமே இருக்கும். அவற்றுள் கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான். தலைமயிர் ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான் என்று கொண்டால், நம் வண்டியின் அழகு முழுவதும் ஒரு மயிரிழையிலும் மெல்லிய ஓர் ஆடையை நம்பியிருக்கிறது என்பது புலப்படும். இந்த ஆடை தேய்ந்தால் மீண்டும் வளராது. மிகவும் தேய்ந்த இடத்தில் வெய்யில் பட்டுப் பட்டு, வெங்காயச் சருகு போல உரிந்துவிடும். அப்படி உரிந்த கூரைகளையும் பானெட்டுகளையும் நம் தெருக்களிலேயே காணலாம். அதற்குப் பாலிஷும் இல்லை, மெழுகும் இல்லை; மறுபடியும் பெயிண்ட் அடிப்பது ஒன்றே வழி.

நம் முன்னோர் இவ்வாறு அஞ்சவில்லையே, அவர்கள் ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் தேய்த்துத் தேய்த்தன்றோ வண்டியை மின்னவைத்தனர் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அவர்கள் காலத்துப் பூச்சு வேறு. மோட்டார் தோன்றிய காலத்தில் எண்ணெய் வார்னிஷைப் பல தடவை பூசி, ஒவ்வொன்றும் உலர்வதற்குக் காத்திருந்து, ஒரு வண்டிக்கு வாரக்கணக்கில் செலவிட்டனர். 1923ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியார் டூகோ என்னும் விரைவில் உலரும் நைட்ரோ செல்லுலோஸ் பூச்சை வெளியிட, ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் அதனைத் தங்கள் ஓக்லண்ட் வண்டிக்குப் பூசினர். இவ்வகைப் பூச்சுகளிலும், இவற்றின் பின்வந்த எனாமல் பூச்சுகளிலும், நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருந்தன. நம் நாட்டுப் பழைய அம்பாஸடர், பியட் வண்டிகளை நினைவு கூர்க. வெய்யிலில் அவற்றின் மேற்பரப்பு சுண்ணாம்பு பூத்தாற்போல வெளுக்கும். காம்பவுண்டு இட்டுத் தேய்த்தால் வெளுத்த தோல் நீங்கி உள்ளிருக்கும் புது நிறம் வெளிப்படும். தேய்த்த துணியிலும் அந்நிறம் ஒட்டும். கனமான பூச்சாதலால் அது பலகாலம் தாங்கிற்று. அம்பாஸடர் உற்பத்தி 2014ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. அந்த வண்டிக்குரிய தேய்ப்பு மட்டும் நிற்கவில்லை. கிளியர் கோட் மேலும் அதே கைகளில் அதே வழக்கமாய்த் தொடர்ந்து வருகிறது. தந்தைக்கு ஏற்ற மருந்தை, நோய் வேறாயிருக்கும் மகனுக்கும் புகட்டுவதைப் போன்றது இது.

இனிக் காலைத் துடைப்புக்கு வருவோம். இரவெல்லாம் வண்டிமேல் தூசி படிகிறது. அத்தூசியில் மண்ணும் கரியும் மட்டுமின்றிப் படிகமணல் துகள்களும் உண்டு. படிகமணல் இரும்பையும் கீறவல்லது. கிளியர் கோட் அதற்கு எம்மாத்திரம்? வைகறையில் ஒருவன் வருகிறான். கையில் திருப்பூர்ப் பனியன் துணியோ, மஞ்சள் துணியோ வைத்திருக்கிறான். அதை நீரில் தோய்த்துப் பிழிந்து, தூசியின் மேலேயே வைத்து வட்டமாகத் தேய்க்கிறான். அதே வாளி, அதே நீர், அதே துணி கொண்டு வரிசையாகப் பத்து வண்டிகளையும் துடைத்து முடிக்கிறான். கண்ணுக்குத் தூசி போயிற்று. உண்மையில் உப்புத்தாள் கொண்டு தேய்த்தாயிற்று. ஆண்டுக்கு முந்நூறு நாள் இவ்வாறு நடந்தால் எப்பூச்சுதான் தாங்கும்? சூரியனின் பிம்பம் வண்டியில் விழும் இடத்தைச் சுற்றிச் சிலந்திவலை தெரிவது இதனாலேயே. கீறல்கள் எல்லாத் திசைகளிலும் உள்ளன. ஒளிக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. நாம் நகர்ந்தால் அவ்வலையும் கூடவே நகரும். கறுப்பு வண்டியில் இது நன்றாகத் தெரியும். வெள்ளை வண்டியில் தெரிவதில்லையே தவிர, இல்லாமற் போவதில்லை.

இங்கே ஒன்று சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. வண்டியில் கீறல் கண்ட சொந்தக்காரர் துடைக்கும் பையனை அதட்டுவதையும், அந்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதையும் நாம் பல முறை கண்டிருக்கிறோம். அவனுக்கு ஒரு வாளியும் ஒரு கந்தையும் கொடுத்தவர் யார்? ஒரு வண்டிக்கு ஐந்து நிமிஷத்துக்குமேல் நின்றால் அடுத்த வண்டிக்காரர் கோபிக்கும்படி வைத்தவர் யார்? நாள்தோறும் துடைத்தால்தான் கூலி என்று விதித்தவர் யார்? அவன் செய்வது நாம் கேட்டதையே. சம்பளத்தைக் குறைக்காமல், ‘தினந்தோறும் கண்ணாடிகளை மட்டும் துடை, வாரம் ஒரு முறை நான் கொடுக்கும் துணியால், நான் காட்டும் முறையில் முழுதும் கழுவு’ என்று சொல்லிப் பாருங்கள். அவனுக்கும் வேலை குறையும், நமக்கும் பூச்சு நிலைக்கும். இயன்றவர் தம் கையாலேயே செய்து கொள்ளுவதில் எவ்வித இழிவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் போதும்.

முறை என்னவெனில், வண்டியை நிழலில் நிறுத்த வேண்டும். புறங்கையைப் பானெட்டின் மேல் வைத்தால் சூடு தெரியக்கூடாது. சூடான தகட்டில் சோப்பும் நீரும் உடனே உலர்ந்து கறையாகும். ஆதலால் காலை எட்டு மணிக்கு முன்னரோ, மாலை வெய்யில் தாழ்ந்த பின்னரோதான் இவ்வேலைக்குத் தக்க காலம். முதலில் சக்கரங்களைத் தனி வாளி, தனித் துணி கொண்டு கழுவி விடவேண்டும். பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் தூள் அங்கே ஒட்டியிருப்பதால், அந்தத் துணியை உடலில் ஒருபோதும் படவிடலாகாது. பிறகு கையால் தொடாமலே, மேலிருந்து கீழாக நீரைத் தெளித்து, போகக்கூடிய தூசியையெல்லாம் போக்க வேண்டும். இந்த ஒரு காரியமே பாதிக் கீறல்களைத் தடுத்துவிடும் என்பது நம் துணிபு. செடிகளுக்குத் தெளிக்கும் கைப்பம்பு ஒன்று புதிதாக வாங்கி இதற்கென்று வைத்துக்கொண்டால் நீரும் மிச்சமாகும்.

அதன்பின் இரண்டு வாளிகள். ஒன்றில் காருக்கென்று விற்கும் ஷாம்பூ கலந்த நீர். மற்றொன்றில் வெறும் நீர். பாத்திரம் துலக்கும் சோப்பும் துணி துவைக்கும் தூளும் வேண்டா. அவை எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதுபோல முன்பு இட்ட மெழுகையும் எடுத்துவிடும். மைக்ரோஃபைபர் கையுறையைச் சோப்பு நீரில் தோய்த்து, கூரையில் தொடங்கி, நேர்க்கோடாக, அழுத்தாமல் ஒரு பகுதியைக் கழுவிய உடனே, அதனை வெறும் நீர் வாளியில் அலசி மண்ணைக் கீழே விட்டுவிட்டு, மறுபடியும் சோப்பு நீரில் தோய்க்க வேண்டும். அலசும் வாளியின் அடியில் ஒரு பிளாஸ்டிக் சல்லடையை வைத்தால், இறங்கிய மண் மீண்டும் மேலே எழும்பாது. கதவுகளின் கீழ்ப்பாகமும் பம்பரும் மிகுந்த அழுக்குள்ளவை, அவை கடைசியில். துணி கைதவறித் தரையில் விழுந்தால், அதை அன்றைக்கு மீண்டும் தொடவே கூடாது. இதில் மட்டும் நாம் தாட்சணியம் காட்டுவதில்லை.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நிமிஷத்துக்கு 10 லிட்டர் விடும் ரப்பர்க் குழாயை 20 நிமிஷம் திறந்து வைத்தால் 200 லிட்டர் செலவாகிறது. நாம் சொன்ன முறைக்கு நான்கு வாளி நீர், அதாவது 60 லிட்டர் தாராளம். 2019ஆம் ஆண்டு கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டு, சென்னை மக்கள் குடத்துடன் லாரிக்குக் காத்து நின்றதை மறந்தவர் இரார். 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பெங்களூரில் குடிநீரால் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றே குடிநீர் வாரியத்தார் உத்தரவிட்டனர். அத்தகைய நாட்களில் வண்டி அழுக்காக இருப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. தூசி மெலிதாக இருக்குமாயின், நீரால் அலசத் தேவையில்லாத திரவம் ஒன்று இப்போது கிடைக்கிறது. ஒரே வாளியில் சிறிது கலந்து, துணியின் புதுப்புது மடிப்பால் துடைத்து உலர்த்திவிடலாம். சேறு படிந்த வண்டிக்கு அது ஆகாது.

நீரின் அளவைப் போலவே அதன் குணமும் முக்கியம். நம் ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணச்சத்தும் மக்னீசியமும் மிகுதி. ஒரு சொட்டு வெய்யிலில் உலர்ந்தால் நீர் போய் உப்பு வட்டமாகத் தங்கும்; நாளடைவில் பூச்சைக் கவ்விக்கொள்ளும். அநேக வீடுகளில் குடிநீர்ச் சுத்திகரிக்கும் இயந்திரம் கழித்துவிடும் நீரைச் சேமித்து, ‘வீணாக்கலாமா’ என்று அதனால் கார் கழுவுகின்றனர். எண்ணம் நல்லதே, ஆனால் அந்நீரில் கிணற்று நீரினும் உப்பு அதிகம். சக்கரத்துக்கும் வாசலுக்கும் அது உதவும். கடைசி அலசலுக்கு மட்டும் உதவாது. அதற்குச் சேமித்த மழைநீரோ, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் நீரோ மிகச் சிறந்தது, அவற்றில் உப்பு இல்லையாதலால். கழுவி முடிந்த வண்டியைத் தானே உலரட்டும் என்று விடலாகாது. தடித்த மைக்ரோஃபைபர்த் துவாலையை விரித்து, ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். ஏற்கெனவே படிந்த உப்பு வட்டங்கள் புதியவையானால், வெள்ளை வினிகரைச் சம அளவு நீரில் கலந்து, ஒரு துணியில் நனைத்துச் சிறிது நேரம் அவ்விடத்தில் ஒட்டி வைத்து, பிறகு நன்றாக அலசினால் கரையும்.

பறவை எச்சம் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காது. அதில் யூரிக் அமிலம் உண்டு. அதுவன்றியும், வெய்யிலில் பூச்சு இளகி, மாலையில் குளிர்ந்து இறுகும்போது எச்சத்தின் உருவத்திலேயே இறுகிவிடும். கண்ட உடனே ஈரத்துணியை அதன்மேல் ஐந்து நிமிஷம் போட்டு ஊறவைத்து, பின் தூக்கி எடுக்க வேண்டும், தேய்த்தல் கூடாது. ஆயுத பூஜையன்று இட்ட சந்தனத்துக்கும் குங்குமத்துக்கும் இதே விதி. பக்தியுடன் இட்டதை மறுநாளே நனைத்து எடுத்துவிடுவது நன்று. மாதக்கணக்கில் காயவிட்டு, பின்பு நகத்தால் சுரண்டுவோர் பலர். துணி உறை போடுவோரும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தூசியோடு கூடிய வண்டிமேல் உறையை இட்டால், காற்றில் உறை அசையும் ஒவ்வொரு முறையும் தேய்ப்பே நிகழ்கிறது.

பாலிஷ், மெழுகு என்னும் இரண்டையும் ஒன்றென எண்ணுவோர் மிகப்பலர். கடைக்காரரும் இரண்டையும் ஒரே பெயரால் விற்பதுண்டு. அவை ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. பாலிஷ் எடுக்கும், மெழுகு கொடுக்கும். பாலிஷில் உள்ள மிக நுண்ணிய அரைதுகள்கள், கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவிச் சமப்படுத்துவதாலேயே கீறல் மறைகிறது. கீறல் நிரம்புவதில்லை, மேடு பள்ளத்தின் அளவுக்கு இறங்குகிறது. ஆகவே ஒவ்வொரு பாலிஷும் அந்த மயிரிழை ஆடையில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. சர்வீசுக்கு விடும்போதெல்லாம் ‘பஃபிங்’ செய்து தருகிறோம் என்பவர்களிடம் இதனை நினைவில் வைத்துப் பதில் சொல்க. புதுப் பளபளப்பைக் கண்டு மகிழ்கிறோம். கையிருப்பு குறைந்ததைக் காண்பதில்லை. நன்கு கழுவப்படும் வண்டிக்கு இரண்டாண்டுக்கு ஒரு முறைகூடப் பாலிஷ் தேவைப்படாது.

தேவைப்பட்டால், முதலில் பூச்சு மிருதுவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு கழுவிய பானெட்டைத் தடவினால், கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பும் விரலுக்குத் தெரியும். அப்படி இருந்தால், இதற்கென்றே செய்த களிமண் போன்ற பிசினைச் சோப்பு நீர் விட்டு மெல்ல வழுக்கவிட்டால், ஒட்டியிருக்கும் இரும்புத்தூளும் மரப்பிசினும் நீங்கும். பின்பு ஓரடிச் சதுரத்தில் மட்டும், கடையில் கிடைப்பவற்றுள் மிக மென்மையான பாலிஷை இட்டுச் சோதித்துப் பார்த்து, அது போதாவிட்டால்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். நகத்தை ஓட்டினால் நகம் தடுக்கும் ஆழமான கீறலைப் பாலிஷால் போக்க முயல வேண்டா. ஓரங்களிலும் மடிப்புகளிலும் பூச்சு மேலும் மெலிதாகையால், அங்கே காகித டேப்பை ஒட்டிக் காத்துக்கொள்க. பழகாதவர்களுக்குக் கையே நல்லது. இயந்திரம் வேண்டுவோர், ஒரே அச்சில் வேகமாகச் சுழல்வதை விட்டு, சுழற்சியோடு ஆட்டமும் உடைய வகையைக் கொள்க. அதனால் பூச்சு சுட்டுப்போகும் அபாயம் குறைவு.

மெழுகில் பெயர்பெற்றது கர்னாபா. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையில் படிவது இது. வறண்ட பூமியில் ஓலையின் ஈரம் போகாதிருக்க அம்மரம் தானே பூசிக்கொள்ளும் மெழுகை, ஓலைகளை உலர்த்தி அடித்து உதிர்த்தெடுக்கின்றனர். 80 பாகைக்கு மேலேதான் உருகும் தன்மையுடையதாகையால் வெய்யிலைத் தாங்குகிறது. நம் கோடையில் அது ஒன்றிரண்டு மாதம் நிற்கலாம். செயற்கைச் சரக்குகள் அதனினும் சில மாதம் அதிகம் நிற்கும். எதுவாயினும், உலர்ந்த தண்மையான பூச்சின்மேல், தெரிந்தும் தெரியாததுமாக மெல்லப் பூசுவதே சரி. தடித்துப் பூசினால் காவல் கூடாது. துடைக்கும் வேலைதான் கூடும். கறுப்புப் பிளாஸ்டிக் பட்டைகளில் படாமல் பார்த்துக்கொள்க. பட்டால் வெளுத்த கறை போகாது.

செராமிக் பூச்சைப் பற்றிச் சிலர் முன்னரே நம்மிடம் கேட்டனர். அது மெழுகினும் நெடுநாள் நிற்கும், அழுக்கு எளிதில் கழன்றுவிடும், இவை மெய். ஆனால் ‘9எச் கடினம்’ என்று விளம்பரத்தில் காண்பது, பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் அளவையைச் சேர்ந்தது; வைரத்தையும் படிகத்தையும் அளக்கும் அளவையைச் சேர்ந்ததன்று. மணலோடு தேய்த்தால் அதுவும் கீறும். ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து அதனைப் பூசுவித்து, மறுநாட் காலையில் பழைய வாளியையும் கந்தையையும் வெளியே வைப்பவர்களுக்கு நாம் என்ன சொல்வது?

கடைசியாகத் துணிகளைப் பற்றி. மைக்ரோஃபைபர்த் துணிகளைப் பருத்தித் துணிகளோடு சேர்த்துத் துவைத்தால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். துணியை மிருதுவாக்கும் திரவம் இட்டால் இழைகள் அடைபட்டு நீரை உறிஞ்சா. தனியாகத் துவைத்து, நிழலில், தூசி படாமல் உலர்த்துக. மெழுகுக்கு ஒரு நிறம், சக்கரத்துக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம் என்று வைத்துக்கொண்டால் வீட்டில் எவர் எடுத்தாலும் தவறு நேராது.

சங்கத்து வாசலில், வேப்பமர நிழலில், அன்பர் ஒருவர் தம் கறுப்பு வண்டியை நமக்காக நிறுத்தி வைத்திருக்கிறார். இரண்டு வாளிகளும் கையுறையும் அங்கே இருக்கின்றன. வெய்யில் தாழ்ந்துவிட்டது, வாருங்கள், பானெட்டில் ஒரு பாதியை மட்டும் கழுவிக் காட்டுகிறோம். மறுபாதியை உங்களில் ஒருவர் செய்க.